ஐம்பத்து நான்கு படங்களும் அம்மம்மாவின் குரலும்



ஞாயிற்றுக்கிழமை என்றால் நம்மில் பலருக்கு வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வரும் நாள். மகன் ரொறன்ரோவில், தங்கை லண்டனில், தமையனின் குடும்பம் தமிழ்நாட்டு முகாமில் என்று ஒரு வீட்டுப் பிள்ளைகள் நாலு திசையிலும் இருக்கிறார்கள். வாரம் முழுவதும் அந்த அழைப்புக்குக் காத்திருக்கிறோம். வந்ததும் என்ன பேசுகிறோம்?

"சாப்பிட்டாச்சா? அங்கே குளிரா? காசு வந்து சேர்ந்ததா? ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

இந்த நாலு கேள்வியும் முடிந்தால் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடுகிறது. பேச விஷயம் இல்லாமல் நிற்பதில்லை. தொடங்கினால் எங்கே போய் முடியுமோ என்ற பயம்தான். காணாமல் போன தம்பியின் பெயர் வந்துவிடும். விட்டுவந்த காணியின் கதை வந்துவிடும். அனுப்ப முடியாத காசின் கதையும் வந்துவிடும். அதனால், "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறோம். பேரப்பிள்ளைகளோ, "ஹலோ அம்மம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

பாரமான எதையும் கேட்காமல், சொல்லாமல், ஒரு மணித்தியாலம் எல்லோரும் சேர்ந்திருக்க ஒரு வழி உண்டா? உண்டு. சேர்ந்து விளையாடலாம். இம்மாதம் அதற்குப் பொருத்தமான ஒரு விளையாட்டைப் பார்ப்போம். அது மெக்சிக்கோ நாட்டுக்காரருடையது. ஆனால் நமது வீட்டுக்குள் வந்தால் இரண்டு நாளில் நமதாகிவிடும்.

நமது விளையாட்டுகளும் தொலைபேசியும்

விளையாட்டில் நமக்குக் குறைவில்லை. தாயம், பல்லாங்குழி, கொக்கான் வெட்டுதல் எல்லாம் பெண்கள் கூடி ஆடியவை. ஆனால் இவற்றுக்கு ஒரே பாயில் இருக்க வேண்டும். கனடாவில் இருக்கும் மகள் நமது பல்லாங்குழியில் கை வைக்க முடியாது.

கடதாசி விளையாட்டு என்றால் நமது ஊர்களில் முன்னூற்று நாலுதான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதியில் 76. நாலு சாதியும் சேர்ந்தால் 304. அதுவே விளையாட்டின் பெயர். நல்ல மூளை விளையாட்டுத்தான். ஆனால் கையில் உள்ள கடதாசியை மறைத்து வைத்து ஆட வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையும் கணக்காக இருக்க வேண்டும். கடற்கரையிலும் மர நிழலிலும் ஆண்கள் கூடி ஆடியபோது, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததோடு நமது பங்கு முடிந்தது. ஐந்து வயதுப் பேத்தியும் எழுபது வயது அம்மம்மாவும் ஒன்றாக ஆட அது தோதுப்படாது.

மெக்சிக்கோவின் படச்சீட்டு

மெக்சிக்கோவில் வீட்டுக்கு வீடு ஆடப்படும் விளையாட்டுக்கு 'லொத்தெரியா' என்று பெயர். நாம் சொல்லும் 'லொத்தர்' என்ற சொல்லுக்கு உறவுச் சொல். ஆனால் சீட்டிழுப்பு அல்ல. பள்ளிக்கூட விழாக்களில் இலக்கம் கூப்பிட்டு ஆடுகிறோமே டொம்போலா, அதன் சகோதரி என்று சொல்லலாம். இலக்கத்துக்குப் பதிலாகப் படம். இத்தாலியில் தோன்றி, ஸ்பெயினுக்கு வந்து, 18 ஆம் நூற்றாண்டில் கப்பலேறி மெக்சிக்கோவுக்குப் போனது. இன்று எல்லோரும் அறிந்த படங்கள், கிளெமென்தே ஜாக் என்ற பிரெஞ்சு வணிகர் அங்கே 1887 இல் வெளியிட்ட கட்டிலிருந்து வந்தவை.

மொத்தம் 54 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு படமும் ஓர் இலக்கமும். 1 சேவல், 5 குடை, 23 நிலா, 30 இறால், 43 மணி, 45 மான், 50 மீன். 48 ஆம் சீட்டில் பூவும் பழமும் ஏற்றிய சிறு தோணியில் ஒரு பெண் இருக்கிறாள். துறைமுகத்து ஊரில் பிறந்த நமக்கு இதில் எது புதிது?

ஆடுவோர் ஒவ்வொருவரிடமும் ஒரு பலகை இருக்கும். நாலுக்கு நாலு, பதினாறு கட்டம், பதினாறு படம். ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இராது. ஒருவர் சீட்டைப் புரட்டிக் கூப்பிடுவார். தன் பலகையில் அந்தப் படம் உள்ளவர் அதன்மேல் ஒரு அவரை விதையோ சோளமணியோ வைப்பார். முதலில் ஒரு வரிசையை நிரப்பியவர் 'லொத்தெரியா!' என்று கத்த வேண்டும். அவ்வளவுதான்.

இதன் உயிர் கூப்பிடுபவரிடம் இருக்கிறது. படத்தின் பெயரை அவர் நேரே சொல்லமாட்டார். விடுகதைபோல, பகிடிபோல ஒரு வரி சொல்லுவார். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அந்த வரி மாறும். சேவல் வந்தால் புனித பேதுருவுக்காகக் கூவிய சேவலை நினைவூட்டும் வரி ஒன்றைச் சொல்வது அங்கே வழக்கம். பைபிள் வாசிக்கும் நமது சகோதரிகளுக்கு அது உடனே விளங்கும்.

2019 டிசம்பர் 9 இல் கூகிள் நிறுவனம் தனது முதற்பக்கத்திலேயே இந்த விளையாட்டை வைத்து, வெவ்வேறு இடங்களில் இருப்போர் சேர்ந்து ஆடும்படி செய்தது. அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அப்போதுதான் நம்மில் பலர் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசவே பழகினோம். பழகியது வீண்போக வேண்டாம்.

நமக்கென்று 54 படங்கள்

கடையில் தேட வேண்டாம். நாமே செய்வோம். வீட்டில் உள்ள எல்லோரும், வெளிநாட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து முதலில் 54 பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் போடுவதே பாதி விளையாட்டு.

அடுக்களையில் தொடங்கலாம்: சுளகு, அம்மி, உரல், குடம், கடகம், நீத்துப்பெட்டி, திருவலை. வளவுக்கு வந்தால் முருங்கை, பனை, தென்னை, கிணறு, சேவல், ஆடு. கடற்கரைக்குப் போனால் வலை, வள்ளம், நண்டு, இறால், கணவாய், சங்கு. ஊருக்குள் கோயில் மணி, தேர், பள்ளிவாசல், மாதா கோயில், பிரட்றிக் கோட்டை மான், கன்னியா வெந்நீர்க் கிணறு. கிண்ணியாவுக்குப் போக 2009 இல் பாலம் திறக்குமுன் நாம் ஏறிய 'பாதை'யையும் போடுங்கள். இன்றைய பிள்ளைகள், "பாதை என்றால் றோட்டுத்தானே?" என்று கேட்பார்கள். அப்போது வாகனமும் ஆட்களும் ஆடும் ஒன்றாக மிதந்து போன கதையைச் சொல்லலாம்.

ஒரு நாற்பது படம் ஊருக்கு. மீதிப் பதினாலை வெளியில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். ரொறன்ரோ மகன் பனி அள்ளும் மண்வெட்டியைச் சொல்லுவான். லண்டன் தங்கை இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸைச் சொல்லுவாள். முகாமில் உள்ள மச்சாள் தண்ணீருக்கு வரிசையில் வைக்கும் பிளாஸ்டிக் குடத்தைச் சொல்லக்கூடும். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரே கேட்டால், "நல்லா இருக்கிறோம்" என்றுதான் பதில் வரும். கேளாமலே படத்தில் கொஞ்சம் தெரிந்துவிடும்.

கூப்பிடுவது யார்?

வீட்டில் மூத்தவர் கூப்பிடட்டும். அம்மம்மாவோ அப்பம்மாவோ பெரிய மாமியோ, யாராகவும் இருக்கலாம். எழுத்துத் தெரியாவிட்டாலும் குறையில்லை. சீட்டில் இருப்பது படம்தானே. நொடி போடுவதில் அவர்களை யார் வெல்வது? தொடங்கி வைக்கச் சில வரிகள் இதோ:

நிலா: மாதம் ஒருநாள் லீவு எடுக்கும் விளக்கு.

இறால்: கடலில் ஒரு நிறம், கறிச்சட்டியில் ஒரு நிறம்.

சுளகு: வாயில்லாதவள், பதரை ஊதித் தள்ளுவாள்.

நீத்துப்பெட்டி: ஓலையில் பிறந்தவள், ஆவியில் குளிப்பாள்.

மான்: கோட்டைக்குள்ளே குடியிருப்பார், வாடகை கட்டமாட்டார்.

கன்னியா: ஏழு பேர் வீட்டிலும் சுடுதண்ணி, ஒருவர் வீட்டிலும் அடுப்பில்லை.

வெளிச்சவீடு: இரவெல்லாம் கண்சிமிட்டுவார், கிட்ட வராதே என்று சொல்ல.

இதைவிட நல்லதை உங்கள் அம்மம்மா சொல்லுவார். ஒரு பிள்ளையை அருகில் இருத்தி அவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அங்கே பிறந்த பிள்ளைக்குச் சுளகு என்ற சொல் தெரியாது. பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் கொட்டாவி விடும். வெல்ல வேண்டும் என்றால் தானே காது கொடுக்கும்.

தேவையானவை

பழைய கலண்டர் மட்டை அல்லது பிஸ்கட் பெட்டி, கத்தரிக்கோல், பேனை, வர்ணப் பென்சில். பலகையில் வைக்கப் புளியங்கொட்டை அல்லது சிறு சிப்பி பதினாறு.

மட்டையைக் கடதாசிக் கட்டின் அளவில் 54 துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம் கீறுங்கள். கீற வராதவர்கள் பழைய பத்திரிகையில் வெட்டி ஒட்டலாம். இந்தக் கட்டு கூப்பிடுபவரிடம் மட்டும் இருந்தால் போதும்.

பலகையைத் தபாலில் அனுப்பத் தேவையில்லை. 54 பெயர்களின் பட்டியலைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரவர் ஒரு கொப்பித் தாளில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, பிடித்த பதினாறைத் தெரிந்து கீறிக்கொள்ளட்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் புதுப் பலகை போட்டாலும் சரி.

ஆடும் முறை

1. வட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். படம் ஓடினால் டேட்டா கரையும். தொடக்கத்தில் எல்லோரும் முகம் பார்த்துவிட்டு, பிறகு குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பலகை கையில் இருக்கிறது. காதில் குரல் விழுந்தால் போதும். இணையம் இல்லாத வீட்டையும் விட்டுவிடாதீர்கள். சாதாரண தொலைபேசியில் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்தில் வைத்தால் அவர்களும் ஆடலாம்.

2. கூப்பிடுபவர் சீட்டைக் கலைத்து, ஒன்றைப் புரட்டி, வரியைச் சொல்வார். மற்றவர்கள் கண்டுபிடிக்க மூன்று எண்ணும் நேரம். பிறகு பெயரை இரண்டு தரம் சொல்வார். சீட்டுக்கு 15 விநாடி என்றால் 54 சீட்டும் பதினாலு நிமிடத்துக்குள் முடியும்.

3. முதல் ஆட்டங்களில் குறுக்கேயோ நெடுக்கேயோ நாலு படம் நிரம்பினால் வெற்றி என்று வையுங்கள். பதினாறும் நிரம்ப வேண்டும் என்றால் ஏறக்குறைய முழுக் கட்டையும் கூப்பிட வேண்டிவரும். அதைக் கடைசி ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. வென்றவர் கத்த வேண்டிய சொல்லை உங்கள் வீடு தீர்மானிக்கட்டும். 'கோணேசா' என்றாலும் சரி, 'புட்டு' என்றாலும் சரி. கத்தியவர் தனது நாலு படத்தையும் சொல்ல வேண்டும். கூப்பிடுபவர் புரட்டிய சீட்டுகளோடு சரிபார்ப்பார்.

5. கடல் தாண்டி வரும் குரல் சற்றுத் தாமதமாக வரும். அடுத்த சீட்டைப் புரட்டுமுன் கத்திய எல்லோரும் வென்றவர்களே. இதை முதலே சொல்லிவிட்டால் சண்டை வராது.

6. காசு வைத்து ஆடக்கூடாது. பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. இன்னொன்று, காசு அனுப்புபவரும் வாங்குபவரும் என்ற வேறுபாட்டை இந்த ஒரு மணித்தியாலமாவது மறக்க வேண்டும். வென்றவர் சொல்லும் பாட்டைத் தோற்றவர் பாடட்டும்.

கைத்தொலைபேசியில் விளையாட்டு என்று சொல்லிக் காசு கேட்கும் செயலிகளும் இணைப்புகளும் வரும். அவற்றைத் தொடாதீர்கள். நமது விளையாட்டுக்கு மட்டையும் குரலும் போதும்.

எந்த நேரம் தோது?

நமக்கு ஞாயிறு மாலை 7.30 என்றால் இந்தியாவிலும் அதே நேரம். லண்டனில் பிற்பகல் 2 மணி, கோடையில் 3 மணி. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் நாடுகளில் 3 மணி, கோடையில் 4 மணி. ரொறன்ரோவில் காலை 9 மணி, கோடையில் 10 மணி. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுகிறார்கள். அந்த வாரங்களில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவுஸ்திரேலியாவில் பிள்ளை இருந்தால் இந்த நேரம் சரிவராது. சிட்னியில் அப்போது நள்ளிரவு. சிட்னியும் ரொறன்ரோவும் சேர வேண்டுமானால் நமக்கு ஞாயிறு காலை 6.30 நல்லது. சிட்னியில் முற்பகல் 11 அல்லது 12 மணி. ரொறன்ரோவில் சனி இரவு 8 அல்லது 9 மணி. புட்டு அவித்துக்கொண்டே ஆடலாம்.

வேண்டாத படங்கள்

மெக்சிக்கோக் கட்டில் 14 ஆம் சீட்டு மரணம். 42 மண்டையோடு. 34 படைவீரன். நவம்பர் முதலிரு நாட்களில் இறந்தவர்களைப் பூவோடும் உணவோடும் வரவேற்றுக் கொண்டாடுபவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்தப் படம் பழக்கம். நாம் இவற்றை வைக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்குச் சாதாரணப் படமே குத்தும். வள்ளம் ஒருவருக்குச் சீவியம். இன்னொருவருக்கு இராமேஸ்வரம் போன இரவு. கடல் அலையைப் பார்த்தால் 2004 டிசம்பர் 26 நினைவு வரும் வீடுகள் எத்தனை? 2006 இல் சம்பூரை விட்டு ஓடி, பல வருடம் கழித்து 2015 இலும் 2016 இலும் திரும்பியவர்களுக்கு வீட்டுக் கிணறு என்ற படம் சிரிப்பைத் தருமா, கண்ணீரைத் தருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு சைக்கிள்கூட, அதை ஓட்டிப் போய்த் திரும்பாத பிள்ளையை நினைவுபடுத்தும்.

ஆகவே இதை ஏழாவது விதியாக வையுங்கள். எந்தப் படத்தையும் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டும். பட்டியல் போடும்போதே சொல்லலாம். ஆட்டத்தின் நடுவிலும் சொல்லலாம். காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை நம் பெண்களுக்கு அதிகம் கிடைத்ததில்லை. விளையாட்டிலாவது கிடைக்கட்டும்.

மறுபுறம், ஒருவர் காணாமல் போன மகனுக்குப் பிடித்த மாங்காயைப் போடச் சொன்னால் அதையும் போடுங்கள். அந்தச் சீட்டு வரும்போது அந்தத் தாய் விரும்பினால் பேசுவார்; விரும்பாவிட்டால் புளியங்கொட்டையை வைத்துவிட்டு இருப்பார். இரண்டும் சரியே.

சிரிக்கலாமா?

"இவ்வளவும் நடந்த பிறகு விளையாட்டா? பார்த்தவர்கள் என்ன சொல்லுவார்கள்?" என்று சில சகோதரிகளுக்குத் தோன்றும். கணவனையோ பிள்ளையையோ இழந்தவள் சிரித்தால் மறந்துவிட்டாள் என்று பேசும் ஊர் இது. வெளியார் பேச்சைவிட நமது மனமே நம்மைக் குற்றம் சொல்லும்.

சிரிப்பது மறப்பதாகாது. வருடக்கணக்கில் கச்சேரிக்கும் அலுவலகங்களுக்கும் படியேறி இறங்கிய தாய்க்கு ஞாயிறு மாலையில் பேத்தியோடு ஒரு மணித்தியாலம் சிரிக்க உரிமை உண்டு. திங்கட்கிழமை அவள் மறுபடியும் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகத்தான் போகிறாள்.

விளையாட்டு மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். இரவில் நித்திரை இல்லை, சாப்பிட மனமில்லை, உயிர் வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழையுங்கள். அப்படி ஒரு சகோதரி உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் நீங்களே கூட்டிப் போங்கள்.

வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத சகோதரிகள், "நமக்கு எதற்கு?" என்று எண்ண வேண்டாம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு பாயில் இருந்தே ஆடலாம். நமது மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். படத்துக்கு மொழி இல்லை. மீனின் பெயரை அவர் தன் மொழியில் ஒருதரமும் நீங்கள் உங்கள் மொழியில் ஒருதரமும் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரு சொல் கற்றுக்கொள்வீர்கள்.

இந்த ஞாயிறு தொலைபேசி வரும்போது வழக்கமான நாலு கேள்வியையும் கேட்டு முடியுங்கள். பிறகு ஐந்தாவதாக, "ஊரில் உனக்கு ஞாபகம் உள்ள ஒரு பொருளைச் சொல்லு, படம் கீற வேண்டும்" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னால் பட்டியல் தொடங்கிவிடும். உங்கள் வீட்டுப் பட்டியலில் எவை வந்தன, அம்மம்மா என்ன நொடி போட்டார் என்று எமக்கும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.